வண்டியில் கிடந்த பந்தம்

அந்த இலையுதிர் காலத்தில் எங்கள் பக்கம் சாலையோரப் புல் இரண்டு முறை தீப்பிடித்தது. இரண்டும் காற்று அடித்த நாட்கள். இரண்டும் நான் தினம் போய்வரும் சாலை. முதல் தீயை அணைக்க நானும் போனேன். இரண்டாவதற்கு யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

மறுநாள் மாடுகளுக்கு உப்புக்கட்டி வாங்கக் கூட்டுறவுக் கடைக்குப் போனபோது, காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். கல்லாவில் இருந்த ஆர்லின் ஜன்னல் வழியாக என் பிக்கப் வண்டியைப் பார்த்தான்.

“ஜூலை நாலு வாணவேடிக்கை முடிஞ்சு மூணு மாசமாச்சே கர்ட், இன்னும் எதுக்கு அதச் சுமந்துக்கிட்டு அலையற?” என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

அவன் சொன்னது பந்தத்தை. டீசலும் பெட்ரோலும் கலந்து ஊற்றிய தகரக் குடுவை. சாய்த்தால் மூக்கு வழியாகத் தீயாகச் சொட்டும். வசந்தத்தில் ஓடைக்கரைப் புதரை எரிக்க இங்கே எல்லோரிடமும் ஒன்று உண்டு. வேலை முடிந்ததும் கொட்டகையில் வைத்துவிடுவார்கள். என்னுடையது வண்டியின் பின்னாலேயே கிடந்தது. நான் உப்புக்கட்டிக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தேன்.

எனக்கும் ஒருவர் மேல் சந்தேகம் இருந்தது. டெல்மர் கேன். தெற்கே பக்கத்து நிலம் அவருடையது. ஏப்ரலில் என் மனைவி டார்சியை அடக்கம் செய்த அன்று சேமியாவும் கோழியும் சேர்த்துச் சமைத்த தட்டோடு வந்தார். அவளைப் பற்றி எதுவும் சொல்லாமல், சமையலறை ஜன்னலில் நின்று என் புல்லையே வெகுநேரம் பார்த்தார். ஆகஸ்டில் அதைக் குத்தகைக்குக் கேட்டார். மாட்டேன் என்றேன். போன வாரம் எங்கள் இருவருக்கும் பொதுவான வேலியை ஒட்டி, அவர் பக்கத்தில், சட்டிக்கலப்பை போட்டு அகலமாக ஒரு கோடு உழுது வைத்தார். வெறும் மண். தீ தாண்டாது. எதற்கு என்று என்னிடம் சொல்லவில்லை. டெல்மர் துக்கம் விசாரிக்க வந்தால் போகும்போது வேலியையும் அளந்துவிட்டுப் போவார் என்று கடையில் ஒரு பேச்சு உண்டு.

அந்தப் புல் டார்சியின் மாடுகளுக்குக் குளிர்காலச் சாப்பாடு. சிவப்பு மாடுகள். கல்யாணத்துக்கு அவள் அப்பா கொடுத்த சில கிடாரிகளிலிருந்து அவள் பெருக்கியவை. இந்த வறட்சியில் வைக்கோல் எந்த விலைக்கும் கிடைக்கவில்லை. புல் போனால் மாடுகள் சந்தைக்குப் போகும். அவள் போன பிறகு வேறு எதையும் நான் ஒழுங்காகக் கவனிக்கவில்லை. மாடுகளைக் கவனித்தேன்.

வியாழக்கிழமை காலையிலேயே தீ எச்சரிக்கை கொடுத்துவிட்டார்கள். தென்மேற்குக் காற்று. கொட்டகையின் தகரம் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. மதியத்துக்கு முன் மேற்கே எங்கோ தீப்பிடித்து, எங்களுக்கு வடக்கே வடகிழக்காக ஓடியது. தீயணைப்பு வண்டிகள் எல்லாம் அதன் முன்னால், டவுனைக் காக்கப் போய்விட்டன. தீ எங்களைவிட்டு விலகித்தான் போனது. ஆனால் பிற்பகலில் காற்று திரும்பி வடக்கிலிருந்து அடிக்கும் என்று சொல்லியிருந்தார்கள். இந்தச் சமவெளியில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு அது. ஓடும் தீக்கு முன்னால் போகும் தலை குறுகல், பக்கவாட்டு விலா நீளம். காற்று திரும்பினால் விலா முழுவதும் தலையாகிவிடும்.

நான் என் நிலத்தின் வடக்கு எல்லையில், சாலையில் வண்டியை நிறுத்திப் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டெல்மர் டிராக்டரில் வந்தார். பின்னால் சட்டிக்கலப்பை. இறங்கியதும் நேராக விஷயத்துக்கு வந்தார். சாலையை ஒட்டி என் புல்லில் இப்போதே நாமாகத் தீ வைக்க வேண்டும். காற்று எதிரே இருப்பதால் அது தெற்கே மெதுவாகத்தான் ஊரும். வடகாற்று பெரிய தீயைக் கொண்டுவரும்போது இங்கே அதற்குத் தின்ன ஒன்றும் இருக்காது.

கல்லூரியில் நான் படித்தது மேய்ச்சல் நில மேலாண்மை. அவர் சொன்னது சரி. சரியாக இருந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

“நாம வைக்கிற தீ எங்க போய் நிக்கும்?” என்று கேட்டேன்.

“என் வேலிகிட்ட.”

“போன வாரம் உழுது வச்சீங்களே, அந்தக் கோட்டுல.”

“ஆமா.”

“அப்ப என் புல்லு பூரா போகும். உங்களுக்கு ஒரு புல்லுகூடக் கருகாது.”

“வீடு நிக்கும். மாடு நிக்கும்.”

“நின்னு எதத் திங்கும்? சாம்பலயா?”

என் நிலத்தின் நடுவில் குறுக்காக ஒரு கோடு உழச் சொன்னேன். வடக்குப் பாதி எரியட்டும், தெற்குப் பாதி நிற்கட்டும். அவர் வானத்தைப் பார்த்தார். அதற்கு நேரம் போதுமா என்று யோசித்திருக்கலாம். என் புல் மிஞ்சுவது பிடிக்காமல் சாக்குத் தேடுகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

“சரி. ஆனா நீ டிராக்டர ஓட்டு. தீய நான் வைக்கிறேன்” என்றார்.

“எரியறது என் புல்லு. நான்தான் வைப்பேன்.”

பந்தத்தை எடுக்க என் வண்டியின் பின்னால் போனேன். அவர் முந்திக்கொண்டு அதன் மேல் கை வைத்தார்.

“உன் கையில தீயக் குடுக்க மாட்டேன் தம்பி.”

சாலையோரத் தீயெல்லாம் நான் வைத்தது என்று நினைக்கிறாரா என்று கேட்டேன். ஊர் அப்படித்தான் பேசுகிறது, தனக்கு அப்படித் தோன்றவில்லை என்றார்.

“பின்ன என்ன?”

“நீ வீட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டே தீ வச்சுக்குவியோன்னு எனக்கு ஒரு பயம். ஏழு மாசமா இது வண்டியில கெடக்கு. ராத்திரி உன் வீட்டுல வெளக்கே எரியறதில்ல. காத்தடிக்கிற நாளா பாத்து நீ வச்சுக்கிட்டா என் வீடும் சேந்து போகும். அதுக்குத்தான் அந்தக் கோடு. ஒளிச்சுப் பேச எனக்குத் தெரியாது.”

அப்படி எல்லாம் இல்லை என்று உடனே சொல்லியிருக்கலாம். அது பொய்யா என்று எனக்கே நிச்சயமில்லை.

“மார்ச்சுல ஓடைக்கரைய எரிச்சோம். முடிஞ்சதும் அவதான் இத வண்டியில வச்சா. நான் எறக்கல. அவ்வளவுதான்” என்றேன்.

கையை எடுக்காமல், மாடுகள் எங்கே நிற்கின்றன என்று கேட்டார். தெற்கு மூலையில், தண்ணீர்த் தொட்டியருகே என்றேன்.

“அப்ப மாடும் நானும் ஒரே பக்கம். மாட்ட எரிக்க உனக்கு மனசு வராது” என்றார். கையை எடுத்தார். “நான் கோட்ட முடிக்கிற வரைக்கும் ரோட்ட ஒட்டியே வை. உள்ள வராத.”

வைத்தேன். புல் உடனே பிடித்தது. பத்தடிக்கு ஒருமுறை அவரைத் திரும்பிப் பார்த்தேன். கோட்டைத் தெற்கே தள்ளி என் பங்கைக் குறைக்கிறாரா என்று. ஒவ்வொரு முறையும் டிராக்டரின் பின்கண்ணாடியில் அவர் முகம் என் பக்கம் திரும்பியிருந்தது. முன்னால் பார்க்காமல் உழுததால் கோடு பாம்பு மாதிரி நெளிந்தது.

பிறகு காற்று நின்றது. கொஞ்ச நேரம் எதுவுமே அசையவில்லை. அடுத்து முதுகில் குளிர் பட்டது. வடக்கு. சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது. ஊர்ந்துகொண்டிருந்த என் தீ எழுந்து நின்று தெற்கே ஓடியது. கோட்டில் கிழக்கு வேலிவரை இன்னும் ஒரு துண்டு பாக்கி. அவர் கலப்பையைத் தூக்கிவிட்டு அப்படியே ஓட்டிப் போயிருந்தால் தப்பியிருப்பார். தூக்கவில்லை, பாக்கியை உழுதார். புகை டிராக்டரை மூடியது. எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

பந்தத்தை அணைத்துச் சாலையில் வைத்துவிட்டு, மண்வெட்டியோடு கருகிய தரை வழியாக ஓடினேன். கோட்டில் தீ படுத்துவிட்டிருந்தது. கோணலாக, மெலிந்துபோன ஓர் இடத்தில் மட்டும் தாண்டியிருந்தது. டெல்மர் அங்கே நின்று தன் ஜாக்கெட்டைக் கழற்றித் தீயை அடித்துக்கொண்டிருந்தார். நான் மண்ணைப் போட்டேன். அது அணைந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். பெரிய தீ சாலைவரை வந்து, தாண்டிப் பிடிக்க ஒன்றும் இல்லாமல் கிழக்கே ஒதுங்கிக்கொண்டிருந்தது.

தெற்குப் பாதி நின்றது. மாடுகள் தொட்டியருகே ஒன்றையொன்று நெருக்கி நின்று இருமின. எரியாமல் நின்ற புல்லை டெல்மர் பார்த்தார். அடக்கத்தன்று ஜன்னலில் நின்று பார்த்த அதே பார்வை.

“இது பாதி மாட்டுக்குத்தான் காணும்” என்றார்.

“தெரியும்.”

“மீதிய என் மக்காச்சோளக் காட்டுல விடு. அறுப்பு முடிஞ்சுது, தட்டையும் உதிர்ந்த கதிரும் கெடக்கு. வசந்தம்வரைக்கும் போதும்.”

வாடகை எவ்வளவு என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாம் என்றார். புல்லைத்தானே கேட்கப் போகிறீர்கள் என்றேன். அதையும் வேண்டாம் என்றார். சும்மா ஒருவர் எதையும் தருவதில்லை. காத்திருந்தேன்.

“தண்ணி நீதான் காட்டணும். தினமும் காலையில. ஆள் அனுப்பக் கூடாது. நீ வரணும். நான் அடுப்படி ஜன்னல்லருந்து பாத்துக்கிட்டிருப்பேன்.”

“ஒரு நாள் வரலன்னா?”

“உன் வீட்டுக்கு வருவேன். கதவத் தட்டிக்கிட்டு நிக்க மாட்டேன்.”

இதில் அவருக்கு என்ன லாபம் என்று யோசித்தேன். முகத்தைப் பார்த்தேன். கரிதான் இருந்தது.

சரி என்றேன்.