மூச்சு வாங்கும் அவுலியா

தென்னூர் கியாசுதீன் மூன்று மாதமாக இரவில் படுப்பதே இல்லை. விடியும்வரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருப்பார். "என் தம்பி ராத்திரியெல்லாம் அல்லாஹ் பேரைச் சொல்லித் திக்ரு செய்யுறான், இறைநேசர் அவுலியா ஆயிட்டான்" என்று அவருடைய அக்கா நஜ்முன்னிசா தெருவெங்கும் பரப்பிவிட்டாள். அவரும் மறுக்கவில்லை. நோயாளி என்பதைவிட அவுலியா என்பது கேட்க நன்றாக இருந்தது.

ஒரு காலை, காய்ச்சலில் கிடந்த பேரனுக்காகப் பக்கத்து வீட்டு ஹாஜிரா செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அதில் ஓதி ஊதப் போன கியாசுதீன் இரண்டு சொல்லிலேயே மூச்சு வாங்கி நின்றுவிட்டார்.

"அல்லாஹ்வோட பரக்கத்து இறங்குது!" என்றாள் நஜ்முன்னிசா.

"நல்லா இறங்குச்சு! காலைப் பாருங்க, அக்கா." மனைவி நஜீமா அவர் கணுக்காலில் விரலை அழுத்தி எடுத்தாள். குழி அப்படியே நின்றது. "எங்க அத்தாவும் இதயம் தளர்ந்து இப்படித்தான் உட்கார்ந்தே தூங்கினாங்க. படுத்தா மூச்சு முட்டும். இதுக்குப் பேரு இபாதத்தா, வணக்கமா? அவருக்கே மூச்சு இல்லை, ஊருக்கு ஊதுறாராம்!"

"டாக்டர்கிட்ட போனா ஜனங்க சிரிப்பாங்களே" என்றாள் நஜ்முன்னிசா.

"மவுத்தானா அழுவாங்க. உங்களுக்கு எது தேவலை?"

கியாசுதீன் செம்பைக் கீழே வைத்தார். "ஆஸ்பத்திரிக்குப் போக ஜட்கா வண்டி கூப்பிடச் சொல்லு, நஜீமா." அதைச் சொல்லவே அவருக்கு இரண்டு மூச்சு பிடித்தது. அவள் முந்தானையைப் பிடித்த கையை மட்டும் அவர் விடவில்லை.