மூன்றாம் மாடியில் கீல், நான்காம் மாடியில் மூடி

சீனாவின் ஷுண்டே நகரில் ஹோ பெய்சானின் கீல் பட்டறையும் குவான் சியூபோவின் மூடிப் பட்டறையும் ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் நின்றன. மின் குக்கரின் மூடி குவானுடையது. அது திறந்து மூட வேண்டிய கீல் பெய்சானுடையது. சுவர் யாருக்குச் சொந்தம் என்று மூண்ட சண்டையில் பேச்சுவார்த்தை அறுந்து வருஷக்கணக்காகிவிட்டது. அதனால் அவளுடைய கீல்கள் லாரி ஏறி, ஊர்க்கோடியில் ஒரு தரகரின் கிடங்கில் இறங்கி, மறுபடி லாரி ஏறி, புறப்பட்ட சுவருக்கு மறுபக்கம் வந்து சேர்ந்தன.

அந்த வட்டாரம் முழுக்கவே இப்படித்தான். குக்கர் உதிரிபாகம் செய்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு தகரக் கொட்டகை, ஒரு மதில், லாரி திரும்புவதற்கென்று புல் மண்டிய ஒரு முற்றம். எல்லோரும் ஒரே கட்டடத்தில் மாடி மாடியாக ஏறிக்கொள்ளுங்கள், மிச்சமாகும் நிலம் ஊருக்கு என்று நகர அலுவலகம் சொன்னதும் முதலில் தலையாட்டியவள் பெய்சான். கடைசியாக, முனகிக்கொண்டே சம்மதித்தவர் குவான். சீட்டுக் குலுக்கியதில் அவளுக்கு மூன்றாம் மாடி, அவருக்கு நான்காம் மாடி.

"நாலா? நம்ம பாஷையில சாவுன்னு காதுல விழற நம்பரையா என் தலையில கட்டுறீங்க?" என்று குதித்தார் குவான். "அதுவும் கீழ அந்தம்மாவோட தகடு அடிக்கிற பிரஸ்ஸு! டமார் டமார்னு அடிச்சா என் சாமானெல்லாம் ஆட்டம் போடுமே!"

"ஆடுச்சுன்னா சொல்லுங்கண்ணே, நானும் வந்து கூட ஆடுறேன்," என்றாள் பெய்சான். இத்தனை வருஷத்தில் அவரோடு அவள் பேசிய முதல் பேச்சு அது.

கட்டடம் எழுந்து, பிரஸ்ஸை ஓட்டிப் பார்க்கிற நாள் வந்தது. அடியில் தடித்த ரப்பர் கட்டைகள் கொடுத்திருந்தார்கள். மேலே குவான், மெருகு மேஜைமேல் விளிம்பு தளும்பத் தேநீர்க் கோப்பை ஒன்றை வைத்துவிட்டுக் காத்திருந்தார். கீழே பெய்சான் பொத்தானை அமுக்கினாள். பிரஸ் இறங்கியது, ஏறியது, மீண்டும் இறங்கியது. மேலிருந்து ஒரே கூச்சல்!

படிகளைத் தாவி ஏறினாள். கோப்பையில் சின்னச் சின்ன வளையங்கள் ஓடின. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. தொழிலாளிகள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

குவான் விடுவாரா? புது மாதிரி மூடியில் அவளுடைய கீலை மாட்டிக் காட்டினார். "இதப் பாரு, பாதியில முட்டிக்கிட்டு நிக்குது. இதுக்கு என்ன சொல்ற?"

முன்பானால் இந்தப் புகார் தரகர் வாய்வழி திரிந்து, அடுத்த வாரம் அவள் காதுக்கு வந்திருக்கும். பெய்சான் மூடியைப் பிடுங்கிக்கொண்டு கீழே ஓடினாள். கீலின் உதட்டைக் கொஞ்சம் ராவி, மேலே ஓடிவந்தாள். முட்டியது. மறுபடி கீழே, மறுபடி மேலே. இந்த முறை மூடி வழுக்கிக்கொண்டு திறந்தது.

"அடேயப்பா!" என்றார் குவான். "மத்தியானச் சோத்துக்கு முன்னாடியே முடிச்சிட்டியே!"

மூச்சு வாங்க இருவரும் ஜன்னலோரம் நின்றார்கள். கீழே கொட்டகைகளும் மதில்களும் போய், ஆறு வரைக்கும் வெறும் நிலம். படகுத்துறையா, பள்ளிக்கூடமா என்று அங்கே ஒரு கும்பல் அதற்குள் சண்டை பிடித்துக்கொண்டிருந்தது.

"இவ்ளோ இடத்தையா நாம அடைச்சு வெச்சிருந்தோம்?" என்றாள் பெய்சான்.

"வேடிக்கை அப்புறம் பாக்கலாம்மா," என்று அதட்டினார் குவான். "ஒண்ணு சரியா வந்துச்சுன்னா போதுமா? ஒரு கூடை கீல் கொண்டா, என் ஆளுங்க சும்மா நிக்கிறாங்க!"

"இதோ!" லிஃப்டுக்குக் காத்திருக்க அவளுக்குப் பொறுமை இல்லை. படிகளில் சிரித்துக்கொண்டே இறங்கி ஓடினாள்.