பெயரைச் சொன்ன சுவர்

“நான் உங்க பொண்ணு இல்லைன்னு டிவியில சொல்லுங்கப்பா.”

அம்மாவின் கை சோளரொட்டியைத் திருப்பாமல் அப்படியே நின்றது. இதை மட்டும் அவரிடம் கேட்டுவிடாதே என்று பதினான்கு மாதமாக என் வாயை அடைத்து வைத்திருந்தவள் அவள்தான்.

அப்பா ஒரு கையால் ஃபிரிட்ஜைத் தூக்கிப் பிடித்து, மறு கையால் அதன் அடியில் கூட்டிக்கொண்டிருந்தார். மெதுவாக இறக்கி வைத்தார்.

இந்த நாட்டுக்கு அவர் எல் மூரோ. சுவர் என்று அர்த்தம். பூகம்பத்தில் சரிந்த கட்டடங்களை முகமூடியோடு தோளில் தாங்கியவர், கடத்தல்காரர்களைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கிவந்து நீதிமன்ற வாசலில் போட்டவர். இருபத்தொரு வருடம் அவருக்கு முகம் இல்லை. அதனால் முகவரியும் இல்லை. வயதாகிவிட்டது, இனி ஒளிய வேண்டாம் என்று போன வருடம் மல்யுத்த அரங்கில் முகமூடியைக் கழற்றினார்.

மெக்ஸிகோவில் முகமூடி கழற்றுகிற மல்யுத்த வீரன் தன் பெயர், பிறந்த ஊர், எத்தனை வருடம் ஆடினான் என்பதையெல்லாம் கூட்டத்துக்குச் சொல்லியாக வேண்டும். “பாசிலியோ சோலிஸ். அபிசாக்கோ. இருபத்தொரு வருஷம்” என்றார். அங்கே நிறுத்தியிருக்கலாம். கைதட்டல் ஓயவில்லை. பூரித்துப்போய், “என் மக யுரீடியா, எங்க வம்சத்துலயே முதல் இன்ஜினியர்” என்று என் பெயரையும், நான் படித்த கல்லூரியையும் சேர்த்துச் சொல்லிவிட்டார்.

அவர்மேல் குண்டு பாயாது. என்மேல் பாயும். அவர் பிடித்துக்கொடுத்துச் சிறையில் இருப்பவர்களின் ஆட்களுக்கு இது விளங்க ஒரு வாரம்கூட ஆகவில்லை. நான் பேருந்தில் தூங்குகிற படம் வீட்டுக்கு வந்தது. அதன்பின் ஜன்னல்களுக்கு இரும்புத் தகடு, வாசலில் போலீஸ். அம்மாவின் தமாலே பலகாரக் கடை மூடப்பட்டது. எதிர்ச் சாரியில் ஒரு பெண் தினமும் பூகம்பத்தில் இறந்த கணவனின் படத்தோடு வந்து நிற்கிறாள். “அன்னைக்கு எங்க கட்டடத்துக்கு ஏன் வரலை?” அவள் கேட்பதில் தப்பே இல்லை. முன்பு கேட்க ஒரு கதவு இல்லை, அவ்வளவுதான்.

சல்தில்லோ நகரத்துக் கழிவுநீர் நிலையத்தில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும்.

“அரங்கத்துல சொன்ன பேரைத் திரும்ப வாங்க முடியாது, மகளே” என்றார் அப்பா.

“உங்க பேரைத்தானே கேட்டாங்க? என் பேரை யாரு கேட்டா?”

“போதும்டி” என்றாள் அம்மா.

“சொன்னா மட்டும் நம்புவாங்களா? காதைப் பாரு. அப்படியே என் காது” என்றார் அப்பா.

“காதுக்கு ஒரு முகமூடி போட்டுக்கறேன்.”

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. “உனக்குப் பெருமையா இருக்கும்னு நெனச்சேன்.”

“இருந்துச்சு. பத்து நிமிஷம்.”

“நான் இருக்கிற வரைக்கும் உன்மேல ஒரு தூசி விழ விடமாட்டேன்.”

“அதுக்கு நான் உங்க கை எட்டுற தூரத்துலயே கிடக்கணும். கிடந்தாச்சு. இன்னும் எவ்வளவு நாள்? எனக்கு நாப்பது வயசு ஆகட்டுமா?”

அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். “என் பொண்ணு இல்லைன்னு என் வாயால வராது. அடிச்சுக் கொன்னாலும் வராது.”

“உங்களை யாராலயும் அடிச்சுக் கொல்ல முடியாதுப்பா. அதான் பிரச்சினையே.”

அம்மா அடுப்பை அணைத்தாள். ரொட்டி கருகியிருந்தது.

நான் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். காவலுக்கு இருந்த ரமிரோ எழுந்து குறுக்கே நின்றான். “இந்தப் படி தாண்டினா எங்க காவல் கிடையாது, தெரியுமில்ல இன்ஜினியரம்மா?”

“காவல் வேண்டாம்னு காலையிலயே உங்க அதிகாரிகிட்ட எழுதிக் குடுத்துட்டேன். உங்ககிட்ட சொல்லலையா?”

அவன் போனில் யாரிடமோ கேட்டான். இரண்டு முறை ‘சரி’ என்றான். என் தோளுக்கு மேலாக வீட்டுக்குள் பார்த்தான். அப்பா பின்னால் வந்து நிற்பது அவர் மூச்சிலேயே தெரிந்தது. ஒரு விரலால் என்னைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

ரமிரோ பூட்டைத் திறந்தான். நான் படியிறங்கி, எதிர்ச் சாரியில் நின்றவளைக் கடந்து, பேருந்து நிலையம் இருக்கும் பக்கம் நடந்தேன்.