அரைத் திருகு

எங்கள் வீட்டில் வடக்கு அறையைப் போல ஒரு தண்டம் கிடையாது. வாசல் தாழ்வாரத்துக்கு மேலே தூக்கிக் கட்டிய அறை. மூன்று பக்கமும் வெளிச்சுவர், அடியில் வெறும் காற்று. கனடாவில், இந்த வின்னிபெக் குளிரில் இப்படி ஓர் அறையைக் கட்டிய மகானுபாவன் கையில் கிடைத்தால், ஜனவரியில் ஒரு ராத்திரி அவனை அங்கேயே படுக்க வைத்துவிடுவேன். அதுதான் என் மகன் மார்க்கியானின் அறை.

போன வருஷம் டிசம்பரில், ஏரி சரியாக உறைவதற்கு முன்பே பனிவண்டியை எடுத்துக்கொண்டு போனான். நடு ஏரியில் பனிக்கட்டி உடைந்து வண்டியோடு உள்ளே போய்விட்டான். மறுநாள்தான் எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் அவன் கையைப் பிடித்தேன். அந்தக் குளிர்ச்சி இன்னும் என் உள்ளங்கையை விட்டுப் போகவில்லை.

அதனால் அவன் அறை குளிரக் கூடாது. அவ்வளவுதான், வேறு நியாயம் எதுவும் என்னிடம் இல்லை. அங்கே அறையைச் சூடாக்க இருந்த இரும்பு ரேடியேட்டரை முழுதாகத் திறந்து வைத்திருந்தேன். பஸ் ஓட்டி முடித்து வந்ததும் நேரே மேலே போய், அந்த இரும்பின் மேல் கையை வைத்துக்கொண்டு அவன் கட்டிலில் உட்கார்ந்துவிடுவேன். என் மனைவி டார்க்கா அந்தப் பக்கமே வரமாட்டாள். கல்நெஞ்சுக்காரி என்று மனசுக்குள் திட்டிக்கொள்வேன்.

எங்கள் உக்ரேனியக் கிறிஸ்துமஸ் ஜனவரியில்தான் வரும். இந்த வருஷ விருந்துக்கு டார்க்காவின் தம்பி லூப்கோ வந்தான். பாய்லர் மெக்கானிக். வழக்கப்படி மேஜையில் இறந்து போனவர்களுக்கும் ஒரு தட்டு வைத்திருந்தோம். அதில் தேனும் கசகசாவும் கலந்த கோதுமை ஆறிக்கொண்டிருந்தது. எல்லோரும் கோட்டோடு உட்கார்ந்திருந்தோம்.

"கோட்டைக் கழட்டாம விருந்து சாப்பிடற வீடு இது ஒண்ணுதான் அத்தான். பிணவறைகூட இதைவிடக் கதகதப்பா..." என்று ஆரம்பித்தவன் தட்டைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"உன் பாய்லர் வேலை செய்யற லட்சணம்" என்றேன்.

"அது கிழம். அது எவ்வளவுதான் செய்யும்? கீழ கொதிக்கற தண்ணியப் பம்பு மேல தள்ளுது. தண்ணி இரும்பைச் சூடாக்குது, இரும்பு ரூமைச் சூடாக்குது, ஆறின தண்ணி திரும்பக் கீழ வருது. எங்க ஜில்லுன்னு இருக்கோ, சூடு அங்கதான் ஓடும். மேல அந்த ரூம் எல்லாத்தையும் குடிச்சுட்டு சுவர் வழியா வெளிய விட்டுடுது. நீங்க தெருவுக்குக் குளிர்காய விறகு போட்டுக்கிட்டிருக்கீங்க."

"போட்டுட்டுப் போறேன். உன் அப்பன் வீட்டு விறகா?"

டார்க்கா கரண்டியை வைத்தாள். "ஓரெஸ்ட், நீ மேல அவனோட இருக்க. நான் கீழ ஒண்டியா உக்காந்து நடுங்கறேன். உயிரோட இருக்கறவ நான்தானே?"

எனக்குச் சுருக்கென்றது. "சரி, மூடித் தொலைக்கிறேன்" என்று எழுந்தேன்.

"முழுசா மூடிடாதீங்க அத்தான்!" லூப்கோ பின்னாலேயே கத்தினான். "அரைத் திருகு விட்டு வைங்க. தண்ணி துளியாவது ஓடணும். நின்னா உறையும், உறைஞ்சா பெருக்கும். பெருத்தா இரும்பே தாங்காது."

மேலே போய் ரேடியேட்டரின் வால்வைத் திருகினேன். பெற்ற பிள்ளையின் கண்ணை மூடுவது போலத்தான் இருந்தது. சரியாக அரைத் திருகு விட்டேன். இனிமேல் திறக்கமாட்டேன் என்று கதவையும் சாத்தினேன்.

சமையலறை சூடானது. டார்க்கா கோட்டைக் கழற்றினாள். இருவரும் சீட்டாடினோம். ஒருமுறை நான் தோற்றதும் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக வாயைப் பொத்திக்கொண்டாள். நான் வாக்கை மீறவில்லை. படுக்கப் போகும்போது மட்டும் அந்தக் கதவில் கையை வைத்து நிற்பேன். உள்ளே இரும்பு இளஞ்சூடாக இருக்கும், போதும் என்று நினைத்துக்கொள்வேன்.

பிறகு எச்சில் துப்பினால் தரையில் விழுமுன் உறைகிற அளவுக்கு ஒரு குளிர் வந்தது. அது விட்டு வெயில் அடித்த அன்று, வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கிறேன், மாடிப்படியில் கறுப்புத் தண்ணீர் இறங்கி வந்துகொண்டிருக்கிறது.

ஐயோ என்று ஓடினேன். ரேடியேட்டர் மேலிருந்து கீழ்வரை பிளந்து கிடந்தது. மெத்தை, சுவரில் அவன் வரைந்து ஒட்டிய படங்கள், கிதார், ஹாக்கிச் சட்டை எல்லாவற்றிலும் குழாய்த் துரு கலந்த கறுப்புத் தண்ணீர். ஏரியில் போன பிள்ளையை வீட்டுக்குள்ளும் தண்ணீர் விடவில்லை.

லூப்கோ வந்து பம்பை நிறுத்தினான். "உறைஞ்சப்பவே பொளந்திருக்கு. பனிக்கட்டியே அடைச்சுக்கிட்டு நின்னிருக்கு. இன்னைக்கு உருகவும் கொட்டிடுச்சு."

நான் அவன் சட்டையைப் பிடித்தேன். "அரைத் திருகுன்ன, விட்டேன்ல? நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கா?"

அவன் குனிந்து வால்வைத் தொட்டுப் பார்த்தான். "இது இறுக்கி மூடியிருக்கு அத்தான்."

"நான்தான் மூடினேன்." டார்க்கா அறை வாசலில் நின்றாள். "நீ கதவுல கை வச்சு நிக்கறதப் பாத்தேன். உள்ள துளி சூடு இருக்கற வரைக்கும் நீ என்கிட்ட முழுசா வரமாட்டேன்னு தோணிச்சு. கொஞ்ச நாள்தானே, என்ன ஆயிடும்னு மூடிட்டேன்."

என் வாயில் என்னவெல்லாமோ வந்தது. கொட்டியிருப்பேன். அதற்குள் அவள் என்னைத் தாண்டிப் போய்க் கட்டிலிலிருந்து தலையணையை எடுத்தாள். சொட்டச் சொட்ட அதில் முகத்தைப் புதைத்து இழுத்து இழுத்து முகர்ந்தாள்.

"நீ வேலைக்குப் போனதும் தினம் வருவேன்" என்றாள். "இதுல அவன் தலை வாசனை இருந்துச்சு. அதான் உறையே மாத்தல." நிமிர்ந்தபோது மூக்கு, கன்னமெல்லாம் கறுப்பு. "இரும்பு நாத்தம்தான் வருது, ஓரெஸ்ட்."

அவளையா கல்நெஞ்சுக்காரி என்றேன்?

லூப்கோ தயங்கித் தயங்கிக் கேட்டான். "குழாயை இங்கேயே அடைச்சிடவா, அக்கா? கீழயாவது சூடா இருக்கும்."

அடைத்துவிடு என்று சொல்ல நான் வாயெடுத்தேன்.

"அடைக்காத" என்றாள் டார்க்கா. "புதுசு போடு. இருந்ததை விடப் பெருசா."

கட்டில், மெத்தை, தலையணை எல்லாம் குப்பைக்குப் போயின. அறையில் இப்போது புது ரேடியேட்டரைத் தவிர ஒன்றுமில்லை. கீழே மறுபடியும் கோட்டைப் போட்டுக்கொண்டு சாப்பிடுகிறோம். வேலையிலிருந்து வந்து மேலே போனால், அவள் எனக்கு முன்பே வெறுந்தரையில் உட்கார்ந்து இரும்பில் முதுகைச் சாய்த்திருக்கிறாள். நானும் பக்கத்தில் உட்காருகிறேன்.

நேற்று என் உள்ளங்கையைப் பிடித்து இழுத்து, சுடுகிற அந்த இரும்பின் மேல் வைத்து அழுத்தினாள்.

"இப்பவும் ஜில்லுன்னுதான் இருக்கா?"

"இருக்கு" என்றேன்.