காயாத மேல்தட்டு

என் வீட்டுக்காரர் பத்திநாதன் எந்த வேலையையும் சீக்கிரம் முடித்ததாகச் சரித்திரமே கிடையாது. அட்டன் பேக்கரியில் கேக்குக்கு ஐசிங் போடுகிறவர். ஊரார் கல்யாணத்துக்கே அப்படி என்றால், சொந்த மகள் டோரீனின் கேக்குக்குக் கேட்கவா வேண்டும்?

கல்யாணம் முடிந்து கேக்கும் வெட்டியாயிற்று. அடுக்குக் கேக்கின் மேல்தட்டு மட்டும் பாக்கி. அதை முதல் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கென்று எடுத்து வைப்பது வழக்கம். மாப்பிள்ளை லியனார்டின் வீட்டாருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைக்கவில்லை. எல்லோரும் திருச்சிக்கே போய்விடுவதென்று முடிவு. மேல்தட்டும் மருமகளும் ஒன்றாகத்தான் கப்பலேற வேண்டும் என்று சம்மந்தியம்மா பிடிவாதமாக நின்றாள். இவரோ, கூட்டத்தில் கைபட்டு ஐசிங் உதிர்ந்துபோச்சு, சுரண்டிவிட்டுப் புதிதாகப் போட்டுத் தருகிறேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

முதலில் தடித்த கோடு ஒன்று வளைந்து ஓடும். அது காய்ந்ததும் அதன் முதுகிலேயே அதைவிட மெல்லிய கோடு. அதற்கு மேல் இன்னும் மெல்லியது. ஈரத்தில் போட்டால் மொத்தமும் சரிந்துவிடும். டிக்கோயாவில் ஆடி மாதப் பனி, சன்னலைத் திறந்தால் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்குள் இவர் குனிந்திருப்பார். எது பனி, எது சீனி என்று தெரியாது. பார்த்துக்கொண்டே இருந்தால் எனக்குக் கண் சொருகும். டோரீன் கைக்குழந்தையாகி அந்த வெள்ளைக்குள் தவழ்ந்து போவாள். திடுக்கிட்டு விழித்தால், இவர் இன்னொரு கோடு போட்டுக்கொண்டிருப்பார்.

எப்போது கேட்டாலும் இன்னும் காயவில்லை என்ற ஒரே பாட்டுத்தான். கொடியில் போட்ட துணியே காய்ந்துவிட்டது, உங்கள் சீனிக்கு என்ன கேடு என்று கத்தினேன். காதில் வாங்கினால்தானே! கப்பலுக்கு ஆள் ஏற்றிப் போகும் ரயில் ஒன்று போயிற்று. அடுத்த ரயிலுக்குச் சம்மந்தியம்மா பெட்டியைக் கட்டிக்கொண்டு எங்கள் வாசலிலேயே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

மானம் போகிறதே என்று, அவர் கடைக்குப் போன நேரம் பார்த்து உள்ளே போய் விரலை வைத்தேன். ஒட்டவில்லை. நகத்தால் தட்டினேன்; பீங்கான் சத்தம் கேட்டது. எல்லாம் என்றைக்கோ காய்ந்தவை. கோட்டின் மேல் கோடாக, இனி வைக்க இடமில்லாமல் போட்டு வைத்திருந்தார் மனுசன்.

வாய் நிறைய வைத்திருந்த திட்டு அப்படியே நின்றுவிட்டது. இந்த ரயிலில் ஏறிப் போய்விட்டால் என் பிள்ளை முகத்தை இனி எந்தக் காலத்தில் பார்ப்பேன்? முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். சம்மந்தியம்மா என் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னும் காயலீங்க சம்மந்தி. இந்தப் பனியில எப்படிங்க காயும்?"

மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டோரீன் எழுந்து வந்து என் கையை எடுத்தாள். விரல் நுனியைத் தடவிப் பார்த்தாள். ஈரமாக இருந்திருந்தால் சீனி ஒட்டியிருக்கும். பேக்கரிக்காரர் மகளுக்குத் தெரியாதா? என் விரலைத் தன் கைக்குள் இறுக்கி மூடிக்கொண்டாள்.

"ஆமாங்க அத்தை," என்றாள். "அம்மா விரலெல்லாம் சீனி. அடுத்த ரயில்ல போவோம்."