கோடையில் அளக்காத ஓடை

ஊற்றுநீர்க் குழாயான பீலியில் தண்ணீர் நூலாக விழுந்துகொண்டிருந்தது. குடம் நிறையட்டும் என்று அழகையா கைகட்டி நின்றார். 2004ஆம் ஆண்டு, மாசி மாதம். இலங்கையின் வட்டவளைப் பக்கத்துத் தேயிலை மலைகளில் மழை ஓய்ந்து, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே ஓடும் ஓடையும் மெலிந்து போயிருந்தது.

அவருடைய மகள் கேஷிகாவுக்கு அந்த மெலிவுதான் வேண்டியிருந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறாள். சிறு நீர்மின் திட்டங்கள் செய்யும் நிறுவனம் ஒன்று மாணவர்களைப் பயிற்சிக்கு எடுக்கிறது. தங்கள் ஊர் ஓடையைக் கோடையில் அளந்து, எவ்வளவு மின்சாரம் எடுக்கலாம் என்று காட்டுகிறவர்களுக்குத்தான் இடம்.

"தண்ணி கொறஞ்சிருக்கப்ப எவ்வளவு வருதோ, அதத்தான்ப்பா வருஷம் பூரா நம்பலாம். நல்லா வந்தா நம்ம லயத்துலயே லைட்டு எரியும்."

அளப்பதற்கு ஓடையை மறித்துப் பலகை வைக்க வேண்டும். ஓடையோ தோட்டத்துக்குச் சொந்தம். தோட்டத்து மேலாளரான தொரையின் சம்மதம் வேண்டும்.

"நாளைக்கு ஆபீசுக்குப் போயி நானே கேக்குறேன்" என்றாள்.

அழகையா பதறிப்போனார். "தலைவர விட்டுட்டு நேரா தொரைகிட்ட போறதா? நாளைக்குக் கூரைத் தகரம் வேணும்னா யாருகிட்ட போயி நிக்கிறது?"

அந்தத் தோட்டத்தில் கல்யாணத்துக்கு லீவு கேட்பதென்றாலும் தொழிற்சங்கத் தலைவர் வாய் வழியாகத்தான் போகும். கேஷிகா வாதாடவில்லை.

அழகையா போய்ச் சொன்னதும் தலைவர் சோலைமலை மகிழ்ந்துபோனார். அது உண்மையான மகிழ்ச்சிதான். "நம்ம தோட்டத்துப் புள்ள கரண்டு எடுக்கப் போவுதா? இத சும்மா செய்யக் கூடாதுங்க அழகையா. தேர்தல் வருதுல்ல, நம்ம சங்கத்து வேட்பாளர் ஐயாவ கூட்டிட்டு வந்து, மால போட்டு, மேளத்தோட போவோம். அன்னைக்கே தொரைகிட்டயும் பேசிக்கலாம்."

"சீக்கிரம் அளக்கணுமாம் தலைவரே."

"ஓட எங்க போயிறப் போவுது?"

ஐயாவுக்கு முதலில் அட்டனில் கூட்டம் இருந்தது. பிறகு தொண்டை கட்டிக்கொண்டது. கேஷிகா சனிக்கிழமைகளில் ரயிலேறி வந்து, கரையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.  

பங்குனியில் ஒரு பிற்பகல் மழை பிடித்தது. அப்புறம் விடவேயில்லை. கோடை அளவு கைக்கு வராததால் பயிற்சி இடம் வேறொரு மாணவனுக்குப் போயிற்று.

சில நாள் கழித்து, வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் தொரை அழகையாவிடம் மகளின் படிப்பை விசாரித்தார். அழகையா தயங்கித் தயங்கி நடந்ததைச் சொன்னார்.

"ஏன் நம்மகிட்ட சொல்ல இல்ல? அளந்து போக ஏலும்தானே" என்றார் தொரை, சிங்களம் கலந்த தமிழில். சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

அழகையா அதை மகளிடம் மறைத்துவிடத்தான் நினைத்தார். சனிக்கிழமை அவள் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. சொல்லிவிட்டார். தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"தொரை வேணான்னு சொல்லியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்ப்பா."

"அடுத்த கோடையில..."

"அப்ப என் படிப்பு முடிஞ்சிரும். படிக்கிற புள்ளைகளுக்குத்தான் அந்த எடம்."

வாசலில் குடையோடு சோலைமலை வந்து நின்றார். "அழகையா, நாளைக்கு ஐயா வர்றாங்க. புள்ளய ரெடியா இருக்கச் சொல்லுங்க."

அழகையா எழுந்துபோய் அவர் எதிரே நின்றார்.

"இனி அளந்து பிரயோசனமில்ல தலைவரே. ஒங்கமேல தப்பு சொல்லல. கேக்கத் தெரிஞ்ச புள்ளைய நான்தான் கேக்க விடல. படிக்க வச்சா மட்டும் பத்தாதுங்க. புள்ளைங்களுக்கு வேண்டியத அதுங்களே வாயத் தொறந்து கேக்க விடணும். இல்லாட்டி கதவு தொறந்து கெடந்தாலும் நாம வெளியிலயேதான் நிப்போம்."

தலைவர் குடையைச் சாய்த்துக்கொண்டு திரும்பி நடந்தார். கேஷிகா நிமிர்ந்து பார்க்கவில்லை. லயத்துக்கு மேலே ஓடை, யாருக்கும் உதவாத பெருஞ்சத்தத்துடன் இறங்கிக்கொண்டிருந்தது.