இயல்பாக நிற்பது

உடல் அசைவைப் பதியும் கறுப்பு உடையில் பதினேழு சென்சார்கள். அக்கா அதற்குள் புகுந்து, ஜிப் ஏற மூச்சை அடக்கினாள்.

"பிள்ளை பெத்தவளுக்குன்னு தைக்கல போல."

"வயித்தை உள்ள இழு. பேச்சை அப்புறம் வச்சுக்கோ."

அவள் நடன மேடையை விட்டு நான்கு வருடம். கார்ட்டூன் படத்தில் கயிற்றின் மேல் நடக்கும் பெண்ணுக்கு அசைவு தர அவளைச் சொன்னது நான்தான். பதினொரு மணிக்கு இயக்குநர் பார்க்க வருகிறார். சரிவராவிட்டால் வேறொருத்தி.

முதலில் உடைக்கு ஆளைப் பழக்க வேண்டும். ஐந்து விநாடி ஆடாமல் நின்றால், அந்த நிலையை நேர் என்று எடுத்துக்கொள்ளும்.

"இயல்பா நில்லுக்கா."

நின்றாள். திரையில் சாம்பல் நிறப் பொம்மையும் நேராக நின்றது. அவள் நடந்ததும் வலப்பக்கம் கோணியது.

"என்னடி, குடிச்சவ மாதிரி நடக்குது? கயித்துலேருந்து விழுந்துடுவா."

இடுப்புப் பட்டையை இறுக்கினேன். சென்சாரை மாற்றினேன். பக்கத்தில் இரும்பு இருந்தால் குழம்பும். ஏணியை வெளியே தள்ளினேன். மறுபடி இயல்பாக நிற்கச் சொன்னேன். மறுபடி கோணல். உடையை நானே போட்டு நடந்தேன். பொம்மை நேராக நடந்தது.

"அப்போ கோளாறு எங்கிட்டதான்" என்றாள். "வேற ஆளைக் கூப்பிடச் சொல்லிடு. கோவிச்சுக்க மாட்டேன்."

"வாயை மூடிக்கிட்டு மாட்டு. இன்னொரு தடவை."

இந்த முறை திரையை விட்டு அவளைப் பார்த்தேன். இடது இடுப்பு வெளியே தள்ளியிருந்தது. இடது கை வளைந்திருந்தது, ஒரு குழந்தையின் முதுகைத் தாங்குவதுபோல்.

"குண்டனை இப்பவும் தூக்குறியா?"

"எங்க. தூக்கினா இறங்கி ஓடுறான். பெரிய ஆளாம்."

என் சொல்லில்தான் பிழை.

"இயல்பா வேண்டாம். நேரா நில்லு."

"நேராத்தானே நிக்கிறேன்."

அருகில் போய் இடுப்பை உள்ளங்கையால் உள்ளே தள்ளினேன். கையை மெதுவாக நீட்டிவிட்டேன்.

"இதுவா நேர்? எதையோ கீழ போட்டுடுற மாதிரி இருக்கு."

"ஒண்ணும் விழாது. அவன் ஸ்கூல்ல இருக்கான்."

சிரித்தாள்.

"சிரிக்காத. அஞ்சு செகண்டு."

பதினொன்றுக்கு இயக்குநர் வந்தார். தரையில் ஒட்டிய டேப்பின் மேல் அக்கா நடந்தாள். திரையில் பொம்மையின் காலடியில் கயிறு ஆடவில்லை. அவர் மூன்று முறை நடக்கச் சொன்னார்.

"நாளைக்கு ஒன்பதுக்கு வந்துடுங்கம்மா."

அவர் போனதும் அக்கா பள்ளி விட எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கடிகாரத்தைப் பார்த்து நின்றாள். பொம்மையும் நின்றது. இடது இடுப்பு தள்ளி, கை வளைந்து, கையில் ஒன்றும் இல்லாமல்.

பதிவை நிறுத்த மறந்திருந்தேன். அந்தத் துண்டைத் தனியே எடுத்தேன். கணினி பெயர் கேட்டது.

குண்டன் என்று அடித்தேன்.